புது இடத்தில் பெயர் சொல்வது எப்படி: சேலத்து வேலைக்கும் படிப்புக்கும் ஒரு முழு வழிகாட்டி

கருப்பூரில் கல்லூரியின் முதல் நாள், ஜாகீர் அம்மாபாளையத்து ஐ.டி. பூங்காவில் புது வேலை, சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை, ஏற்காட்டில் மலைப்பள்ளி. எங்கே போய்ச் சேர்ந்தாலும் அரைமணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பார். உடனே பெரும்பாலானவர்கள் பயோடேட்டாவை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு எங்கே, பன்னிரண்டாம் வகுப்பு எங்கே, சதவீதம் எவ்வளவு. கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். மதியம் சாப்பாட்டு வேளையில் ஒருவரும் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியாததுதான் காரணம்.

அறிமுகம் என்பது அடுத்தவர் கையில் ஒரு பிடியைக் கொடுப்பது. குடத்துக்குக் கழுத்து இருப்பது போல. அந்தப் பிடி எது, அதை எப்போது நீட்டுவது, எங்கே நீட்டக் கூடாது என்பதைத்தான் கீழே வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

முந்தின நாள்: பெயரை முடிவு செய்யுங்கள்

சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், நண்பர்களிடம் ஒரு பெயர் என்று நம்மில் பலருக்கும் மூன்று உண்டு. புது இடத்தில் எதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யாவிட்டால் அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். முதல் வாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் வேலையை விட்டுப் போகும்வரை போகாது. வகுப்பில் ஏற்கெனவே இரண்டு கார்த்திக் இருந்தால் மூன்றாமவர் "ஒல்லி கார்த்தி" ஆவதற்கு ஒரு நாள் போதும். அதற்கு முன்பே, "ஓமலூர் கார்த்தின்னு கூப்பிடுங்க" என்று நீங்களே ஒன்றைக் கொடுத்துவிடுவது நல்லது.

முன்னெழுத்தையும் யோசித்து வையுங்கள். வாயால் சொல்லும்போது அது தேவையில்லை. வருகைப் பதிவேட்டிலும் மின்னஞ்சலிலும் தேவைப்படும். வெளிமாநிலத்துக்காரர்கள் இருக்கும் அலுவலகமென்றால் முன்னெழுத்தைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். கணினியில் பெயர் பதியும் அன்றே மனிதவளப் பிரிவில், "இது அப்பா பேரு, கூப்பிடற பேரு இதுதான்" என்று சொல்லிவிடுங்கள். பதிந்த பிறகு மாற்றுவதற்கு நாலு பேரிடம் நடக்க வேண்டியிருக்கும். அரசுப் பணியோ அரசுக் கல்லூரியோ என்றால் இன்னொன்று: பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருக்கிறது. கையெழுத்தையும் அப்படியே பழகிக்கொண்டு போங்கள்.

நாற்பது விநாடிக்கு என்ன வைப்பது

முழு அறிமுகத்துக்கும் 40 விநாடி போதும். நிதானமாகப் பேசினால் அதற்குள் ஐம்பது, அறுபது தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். அதற்கு மேல் போனால் கேட்பவர் கண் கைபேசிக்குப் போய்விடும். செல்போனில் பதிவு செய்து ஒரு முறை அளந்து பாருங்கள். முதல் தடவை பலருக்கும் ஒன்றரை நிமிடம் வரும்; வெட்ட வேண்டியது எது என்று அப்போது தானாகத் தெரியும்.

உள்ளே இருக்க வேண்டியவை நான்கு: பெயர், ஊர், இங்கே உங்கள் வேலை, கடைசியாக அந்தப் பிடி, அதாவது அடுத்தவர் பேச்சைத் தொடங்க ஒரு விஷயம். முதல் மூன்றும் ஆளுக்கு ஒரு வாக்கியம். வேலையைச் சொல்லும்போது பதவிப் பெயரோடு நிறுத்தாதீர்கள். "ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பில்லு சரி பார்க்கற வேலைங்க, உங்க எல்லாருகிட்டயும் மாசக் கடைசியில வந்து நிப்பேன்" என்றால் எதற்கு உங்களைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பிடியில்தான் மெனக்கெட வேண்டும். "பாட்டு கேட்பேன், படம் பார்ப்பேன்" என்பது பிடியே அல்ல. ஊரில் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். "கிரிக்கெட் பிடிக்கும்" கொஞ்சம் பரவாயில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிள்ல ஏற்காடு அடிவாரம் வரைக்கும் போவேங்க, வளைவு ஏறத்தான் இன்னும் தெம்பு வரல" என்று சொன்னால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய ஒருவர் எப்படியும் அந்த அறையில் இருப்பார். மதியம் அவரே வருவார். குறிப்பாகச் சொல்லும் சின்ன விஷயம், பொதுவாகச் சொல்லும் பெரிய விஷயத்தைவிட எப்போதும் மேல்.

சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: ஓர் உதவி கேளுங்கள். "இந்தப் பக்கம் மதியம் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்னு யாராச்சும் சொல்லுங்க." "அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பொம்பளைங்க ஹாஸ்டல் தேடிட்டு இருக்கறேன்." எல்லோராலும் பதில் சொல்ல முடிகிற கேள்வி அது. எங்கள் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் உறுதியான பிடி.

எல்லாம் சேர்ந்து வந்தால் இப்படி இருக்கும்:

"வணக்கமுங்க. என் பேரு பிரியா. ஆத்தூரு. தினமும் பஸ்ஸுல வர்றேன், அதனால சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா கொஞ்சம் பரபரப்பா இருப்பேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க கணக்குப் பிரிவுல சேர்ந்திருக்கறேன். இதுக்கு முன்னாடி மூணு வருசம் ஜவ்வரிசி ஆலையில கணக்குப் பாத்தேன், அதனால மரவள்ளி வெலை ஏறுது எறங்குதுன்னா எனக்கு அங்கங்க தெரியும். இந்த ஆபீஸு சாப்ட்வேர் மட்டும் புதுசு. பொறுமையா சொல்லித் தர்றவங்க யாருன்னு காட்டுங்க. பிரியா."

கடைசியில் பெயரை மறுபடி சொன்னதைக் கவனியுங்கள். முதலில் சொன்ன பெயரைப் பாதிப் பேர் தவறவிட்டிருப்பார்கள்.

உள்ளே வரக் கூடாதவை: மதிப்பெண், சம்பளம், பழைய கம்பெனியைப் பற்றிய குறை, அங்கிருந்து ஏன் விலகினோம் என்ற கதை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். ஆச்சு, இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். விளக்கம் கொடுத்தால் அடுத்த கேள்வி வரும்.

ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் "மைசெல்ஃப் கார்த்தி" வேண்டாம். "ஐ ஆம் கார்த்தி" போதும், அதுவே சரியும்கூட.

"எந்த ஊரு?"

நம் பக்கத்தில் பெயரைவிட முக்கியமான கேள்வி இது. சேலத்தில் இதற்குக் குறைந்தது மூன்று அர்த்தம் இருக்கிறது. சொந்த ஊர் எது என்பது ஒன்று. இப்போது எங்கிருந்து வருகிறீர்கள் என்பது இன்னொன்று. மூன்றாவதை யாரும் வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள்.

"சேலம்" என்று மட்டும் சொன்னால் பதில் முடிந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "சேலத்துல எங்க?" என்று வரும். குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, சூரமங்கலம், கொண்டலாம்பட்டி என்று பேட்டையைச் சொல்வீர்கள். சிலர் அங்கே நிற்பார்கள். சிலர், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். பெரும்பாலும் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் ஆசைதான். ஆனால் தெருவை வைத்துச் சாதியை எட்டிப் பார்ப்பவர்களும் இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. முகம் சுளித்தால் முதல் நாளே மனக்கசப்பு வரும். ஆகவே தெருவுக்குப் பதிலாகப் பேருந்து நிறுத்தத்தைச் சொல்லுங்கள். சொன்ன கையோடு கேள்வியைத் திருப்புங்கள்: "நாலு ரோட்டுல எறங்கி மாறி வர்றேங்க. நீங்க எந்தப் பக்கமிருந்து வர்றீங்க? காலையில கூட்டம் எப்படி?" பஸ்ஸும் கூட்டமும் யாருக்கும் பொதுவான பேச்சு. பத்தில் எட்டுப் பேர் அதிலேயே போய்விடுவார்கள். மீதி இரண்டு பேர் மறுபடி கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம்.

நீங்களும் யாரிடமும் தெரு கேட்காதீர்கள். "வீட்டுல என்ன பேசுவீங்க?" என்பதும் முதல் நாள் கேள்வி அல்ல. சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், கேட்கும் விதத்தில் "நீங்க வெளியூரா?" என்ற தொனி வந்துவிட்டால் சங்கடம்.

மாவட்டக் கணக்கில் ஒரு நுணுக்கம். நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமானது. தருமபுரி அதற்கும் முன்பே, 1965-இல் பிரிந்தது. ஆனாலும் ராசிபுரத்துப் பெரியவர் "நாங்களும் சேலம் ஜில்லாதான்" என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள். அவர் உங்களிடம் நெருங்கி வரத்தான் அப்படிச் சொல்கிறார். வெளியூரிலிருந்து சேலத்துக்கு வந்து சேர்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: "ஓ, மாம்பழ ஊரு!" என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சொல்லும்போது

எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி பேசினால் குரல் மேசைக்குள் போய்விடும். மேலே மின்விசிறி ஓடும் அறையில் முதல் சொல் எப்போதும் கேட்காது. புதுக் குரலுக்குக் காது பழகவும் ஒரு கணம் ஆகும். அதனால்தான் வணக்கத்தை முதலில் வைக்கிறோம், அது போனாலும் பரவாயில்லை. வணக்கம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பெயர். பெயருக்குப் பின்னும் ஒரு சின்ன இடைவெளி. "எம்பேருகார்த்திநான்ஓமலூரு" என்று ஒரே மூச்சில் ஓடுவதுதான் பெயர் தவறிப்போக முதல் காரணம்.

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லும் இடங்களில் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆளாகப் போக முடிந்தால் போங்கள். முதல் ஆள் எவ்வளவு நீளம் பேசுகிறாரோ அதுதான் மற்றவர்களுக்கும் அளவாகிவிடும். கடைசி ஆளாக மாட்டிக்கொண்டால் 40 விநாடியை 20 ஆக்குங்கள்.

உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கவே மாட்டார். 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முறை வைத்து ஒவ்வொருவராகச் சொற்களை வாசித்தபோது, தங்கள் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்டவை அவர்களுக்கு மிகக் குறைவாகவே நினைவிருந்தன. அடுத்து நம் முறை என்ற யோசனையிலேயே மனம் நிற்கிறது. உங்களுக்கு முன்னால் பேசியவரின் பெயரும் இதே காரணத்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே வட்டம் கலைந்ததும் முதல் வேலையாக இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என இருவரிடமும் தனியாகப் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கை நடுங்கினால் காகிதம் வைத்துக்கொள்ளாதீர்கள், நடுக்கம் காகிதத்தில்தான் பெரிதாகத் தெரியும். பேனா போதும்.

ஹாஸ்டலில் "இன்ட்ரோ"

சீனியர்கள் கூப்பிட்டு, "தம்பி, இன்ட்ரோ குடு" என்பது வேறு விஷயம். பெயர், ஊர், பாடப்பிரிவு கேட்டு, அவர்களும் தங்கள் பெயரைச் சொல்லி, டீக்கு அழைத்துப் போனால் நல்லது. "அண்ணா, அக்கா" என்று மரியாதையாகப் பேசுங்கள். நின்றுகொண்டே இரு, சட்டைப் பொத்தானைப் போடு, பாடு, ஆடு, திட்டு வாங்கு என்று போனால் அதற்குப் பெயர் ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டமே உண்டு: இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கல்லூரியில் சேரும் நாளிலேயே அதைச் செல்போனில் பதிந்துவையுங்கள். அறைக்குள் தனியாகக் கூப்பிட்டால், "வராந்தாவுலயே பேசலாம் அண்ணா" என்று நின்றுகொள்வது பல சிக்கலைத் தவிர்க்கும்.

பட்டறையில், தறியில்

இங்கே யாரும் உங்களை எழுந்து நின்று பேசச் சொல்ல மாட்டார்கள். நீங்களாகப் பேசினால் சிரிப்பார்கள். அறிமுகத்தைச் செய்பவர் உங்களைக் கூட்டிக்கொண்டு வருபவர். அவர் "நம்ம பையன்தான்" என்றோ "தெரிஞ்ச பொண்ணு" என்றோ சொல்லும் ஒரு வார்த்தைதான் முழு அறிமுகமும். ஆகவே முதல் நாள் அவர் இல்லாமல் தனியாகப் போகாதீர்கள். அவருக்கு வர முடியாவிட்டால் ஒரு நாள் தள்ளிப் போவதே மேல்.

உள்ளே நுழைந்ததும் முதலாளிக்கு வணக்கம், அடுத்து மேஸ்திரிக்கு, பிறகு வயதில் மூத்தவர்களுக்கு. கொலுசு வேலையில் பற்றவைப்பு ஒருவர், மெருகு ஒருவர் என்று ஆளாளுக்கு வேலை பிரிந்திருக்கும். நெருப்பின் முன் குழல் பிடித்திருப்பவரிடம் போய் வணக்கம் சொல்லாதீர்கள்; கை நின்றால் வேலை கெடும். அவர் நிமிரும்வரை பொறுங்கள். விசைத்தறிக் கூடத்தில் சத்தத்துக்குள் பெயர் கேட்காது. தறி நிற்கும் டீ நேரம்தான் பெயர் சொல்லும் நேரம். அதுவரை ஒரு தலையசைப்பு போதும்.

முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்பார்கள். இடத்தைச் சொல்லுங்கள், அங்கே கொடுத்த கூலியைச் சொல்லாதீர்கள். தெரிந்த வேலையைக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள். "எல்லாம் தெரியும்" என்றவனுக்கு முதல் நாளே கடினமான வேலையைக் கொடுத்துப் பார்ப்பது எல்லாப் பட்டறைக்கும் வழக்கம்.

மலைக்குப் போனால்

ஏற்காட்டில் வேலைக்கோ பள்ளிக்கோ முதல் நாள் போகிறவர்கள் அரைமணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும்படி பஸ் பிடியுங்கள். வளைவுகளில் தலை சுற்றி, வாந்தி எடுத்த முகத்தோடு போய் நின்று பெயர் சொல்வது நன்றாக இருக்காது. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், குளிரில் நடுங்குவது பயத்தில் நடுங்குவது போலவே தெரியும்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஆசிரியராகவோ செவிலியராகவோ போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. அங்குள்ள பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. மலையை ஆள்பவர்கள் என்று பொருள். தமிழ்தான் பேசுகிறார்கள். "நாங்க மலையாளிங்க" என்று ஒருவர் சொல்ல, புதிதாக வந்தவர் "கேரளாவுல எங்க?" என்று கேட்டால், அந்தப் பேச்சு ஒரு வருடத்துக்கு ஊரில் ஓடும். போவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களிடம் அறிமுகம் செய்துகொள்ளப் பள்ளிக்கு வரச் சொல்லிக் காத்திருப்பதில் பலன் குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். பகலில் பலரும் தோட்டத்தில் இருப்பார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு உங்கள் பெயரைக் கேட்க யார் வருவார்கள்? சாயங்காலம் ஊர்ப் பெரியவர் ஒருவரை முதலில் பார்த்து, அவரோடு சேர்ந்து வீடுகளுக்குப் போங்கள். "புதுசா வந்திருக்கற வாத்தியாருங்க. உங்க பையன் என் வகுப்புதான்" என்பது போதும். எத்தனை மாதம் இருப்பீர்கள் என்று கேட்பார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். தெரியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா எப்படி நடக்கும் என்று கேளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு அது போதும்.

1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள், குழந்தையை நீளமான ஆங்கில உரையை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்ப வேண்டாம். நடுவில் ஒரு சொல் மறந்தால் அழுகை வந்துவிடும். பெயர், ஊர், பிடித்த விளையாட்டு என்று மூன்று வாக்கியம். அதோடு, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் தட்டை.

வாட்ஸ்அப் குழுவில்

உங்களைச் சேர்த்தவர் உங்கள் பெயரைச் சொல்லட்டும், பிறகு நான்கு வரிக்குள் ஒரு செய்தி: பெயர், பிரிவு, எந்த வேலைக்கு உங்களைக் கூப்பிடலாம், எத்தனை மணிவரை. தமிழிலேயே எழுதுங்கள். சுயவிவரப் படத்தில் முகம் தெரியட்டும். அங்கே முருகன் படம் இருந்தால் மறுநாள் நடைவழியில் உங்களை யாருக்கும் அடையாளம் தெரியாது. முதல் வாரம் "காலை வணக்கம்" பூப்படம் போடாதீர்கள்.

அதற்குப் பிறகு வரும் ஐந்து நாட்கள்

முதல் நாள் இருபது பெயர் கேட்பீர்கள், ஐந்துதான் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் அறையின் படம் வரையுங்கள்: கதவு, சன்னல், மேசைகள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கே பெயரை எழுதுங்கள். நிறம், பருமன் போன்ற குறிப்பு வேண்டாம், தாள் ஒரு நாள் யார் கையிலாவது சிக்கும். மறுநாளிலிருந்து தினமும் விட்டுப்போன பெயர்களில் மூன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நாளில் முடிந்துவிடும்.

எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பத்துக்கு நேராகக் கேட்பதே வழி: "உங்களை எப்படிக் கூப்பிடட்டுங்க?" பொதுவாக அலுவலகத்தில் சார், மேடம், பள்ளியில் சார், மிஸ், பட்டறையில் அண்ணன், அக்கா. உங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவரை "ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அக்கா என்றால் எழுபது வயதுக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாலு மணிக்கு டீக்கடைக்கு யாராவது கூப்பிட்டால், டீ குடிக்காதவராக இருந்தாலும் போங்கள். உண்மையான அறிமுகம் நடப்பது அங்கேதான். முதல் நாள் காசு கொடுக்க முண்டியடிக்க வேண்டாம், கூப்பிட்டவர் கொடுக்கட்டும். இரண்டாம் நாள் நீங்கள் கொடுங்கள். தட்டுவடை செட் ஒரு தட்டு வாங்கி நடுவில் வைத்தால் பீட்ரூட்டும் காரச் சட்னியும் விரலில் வழிய, எல்லோரும் ஒரே நேரத்தில் கைநீட்டுவார்கள். பேச வேண்டிய அவசியமே இருக்காது.

முதல் நாள் சொதப்பிவிட்டதா? நாக்குக் குழறியதோ, பெயரை மாற்றிச் சொன்னதோ எதுவானாலும் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டு திரியாதீர்கள், கவனிக்காதவர்களுக்கும் அது தெரிந்துவிடும். யாருடைய பெயரையாவது தவறாகச் சொல்லியிருந்தால் அவரிடம் மட்டும் போய், "நேத்து உங்க பேரை மாத்திச் சொல்லிட்டேங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் கழித்தும் ஒருவரின் பெயர் தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்தால், "உங்க நம்பர் குடுங்க, எப்படிப் பதியட்டும்?" என்று செல்போனை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவரே அடித்துக் கொடுப்பார்.